யாத்திரையும் கைம்மாறும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வயதாலும் அனுபவத்தாலும் எம்மினும் மூத்தோர் பலர் இச்சபையிலே அமர்ந்திருக்கின்றீர்கள். பல்கலைக்கழகத்திற் படித்துக்கொண்டிருக்கும் எம்மையும் ஒரு பொருட்டாக மதித்துப் பேசப் பணித்த காரியதரிசி அவர்களுக்கு முதற்கண் நன்றி கூறுகின்றோம். நாம் எடுத்துக்கொண்ட பொருள் “யாத்திரையும் கைம்மாறும்” என்பது. பிறநாடு செல்லும் நாம், எம்மை ஏற்று உபசரிக்கும் அந்நாட்டு மக்களுக்குச் செய்யக்கூடிய கைம்மாறு யாது? அதனை எவ்வாறு செய்தல் தகும்? இவ்விரு கேள்விகளுமே இன்றைய பேச்சின் உள்ளீடு.

இப்பொருளைத் தெரிந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நமது சங்கத்து வாலிபர் சிலர் நேபாள தேசத்துக்கு யாத்திரை செல்ல ஆயத்தஞ் செய்வதை நீங்கள் அறிவீர்கள். பாக்மதி நதிக்கரையிலே பசுபதிநாதரைத் தரிசித்து, முக்திநாத்துக்கும் சென்று, பின்னர் எவரெஸ்ட் சிகரம் இருக்கும் கும்புப் பிரதேசத்திலும் சில நாள் நடந்துவர வேண்டுமென்பது அவர்கள் விருப்பம். வெறுங்கையோடு போய் வருவது அழகன்று என்று எண்ணிய அன்பர்கள் ஒரு யோசனையையும் முன்வைத்துள்ளனர். காத்மண்டு நகரிலே ஓர் அநாதைச் சிறுவர் இல்லத்தைத் தேடிச் சென்று, உடுப்பும் இனிப்பும் கொப்பியும் பென்சிலும் வழங்கி, பிள்ளைகளோடு ஒரு நாட் பொழுதைக் கழித்து, படமும் எடுத்துவரலாம் என்பதே அந்த யோசனை.

அந்த அன்பர்களின் உள்ளம் நல்லுள்ளம் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் அந்த யோசனையைச் சபையோர் ஒருமுறை மீள ஆராயவேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே நாம் இங்கே நிற்கின்றோம். “ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆற்றுக்கே அளவு வேண்டுமானால், மனிதருக்குக் கொடுக்கும்போது எவ்வளவு நிதானம் வேண்டும்!

முன்னோர் காட்டிய வழி

போகுமிடத்திலே நன்மை செய்துவருதல் நமக்குப் புதிய செய்தியன்று. நம் முன்னோர் யாத்திரையையும் தருமத்தையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்கவில்லை. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்ற அடியார்களுக்கு வழிநெடுக ஊரவர் அன்னமும் தண்ணீரும் கொடுத்தனர். சிதம்பர தரிசனத்துக்குக் கடல் கடந்து சென்ற யாழ்ப்பாணத்தார், தாம் தரிசித்து மீள்வதோடு அமையாது, அங்கே மடங்களை அமைத்துத் தருமங்களையும் நடத்தினர். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் ஒரு படி மேலே சென்று, 1864ஆம் ஆண்டிலே சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள். தரிசிக்கப் போன தலத்திலே அவ்வூர்ப் பிள்ளைகளுக்குக் கல்விக்கூடம் ஒன்றை வைத்து வந்தது எத்துணைச் சிறந்த கைம்மாறு!

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. மடம் ஆனாலும் வித்தியாசாலை ஆனாலும் அவை ஒரு நாட் கூத்தாக முடிந்துபோகவில்லை. கொடுத்தவர் ஊர் திரும்பிய பின்னரும் அவை நின்று பயன் தந்தன.

பெற்றவர்களும் நாமே

கொடுப்பதைப்பற்றிப் பேசுமுன் பெற்றதைப்பற்றிச் சிறிது நினைத்துப் பார்ப்போம். பிறநாட்டார் வந்து கொடுக்க, நாம் கைநீட்டிப் பெற்ற காலங்கள் நம் நாட்டுச் சரித்திரத்தில் உண்டு. பெற்றவனுக்குத்தான் எது உதவி, எது உபத்திரவம் என்பது நன்றாகத் தெரியும்.

இப்பொழுது பேசும் நாமும், இங்கிருக்கும் வேறு பலரும், மிஷன் பாடசாலைகளிற் பயின்றவர்கள். ஆதலால் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் பெயர் எமக்குப் புதிதன்று. அமெரிக்காவிலே மசச்சூசெற்ஸ் மாநிலத்திற் பிறந்த அவர், இருபத்தைந்து வயதளவில், 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியம் பார்த்தார். மதம் பரப்பும் நோக்கமும் அவருக்கு இருந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. சைவர்களாகிய நாம் அந்நோக்கத்தை ஏற்றுக்கொள்ளவும் வேண்டியதில்லை. ஆனால் அவர் கொடுத்த முறையை நாம் கற்றுக்கொள்ளலாம்.

அவர் தாமே எல்லா நோயாளரையும் பார்த்துப் பெயர் வாங்கிக்கொண்டு கப்பலேறவில்லை. ஊர் வாலிபரைச் சேர்த்து மேனாட்டு வைத்தியம் பயிற்றினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், பின்னர் 1864ஆம் ஆண்டளவில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அதற்கு நூல் வேண்டுமே! தமிழ் கற்று, கலைச்சொல் தேடி, மாணாக்கரையும் துணைக்கொண்டு, இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். 1873ஆம் ஆண்டு அவர் தாய்நாடு திரும்பியபோது, அவரிடம் பயின்ற வைத்தியர் அறுபதின்மருக்கு மேல். அவர் போன பின்பும் வைத்தியம் நின்றுவிடவில்லை. தாம் இல்லாமலே வேலை நடக்கும்படி செய்துவிட்டுப் போனதே அவர் கொடுத்த பெருங்கொடை.

இனி மற்றொரு காலத்தைப் பார்ப்போம். 2004ஆம் ஆண்டு மார்கழி மாதம் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தது. இலங்கையில் மாத்திரம் 30,000 பேருக்கு மேல் மாண்டனர். எம்மை ஒத்த வயதினர் அதனைக் கேள்வியால் மாத்திரமே அறிவோம். பெரியோர்களாகிய நீங்கள் கண்ணாற் கண்டவர்கள். உலகமெல்லாம் இரங்கி உதவியது. அவ்வுதவியால் உயிர் பிழைத்தோர் பலர். அந்நன்றியை மறத்தல் ஆகாது. ஆயினும் வந்த பொருள்களிலே குளிர்நாட்டுக் கம்பளி உடுப்புக்களும் இருந்தன. விளங்காத மொழியிற் பெயர் எழுதிய மருந்துகளும், நமக்கு வேண்டாத மருந்துகளும் வந்து குவிந்தன. படகு இழந்த மீனவருக்குப் படகு கொடுத்த இடங்களிலும், சிலவிடத்துத் தேவைக்கு மேலாகவும் சிலவிடத்துக் கடலுக்குத் தாங்காதனவாகவும் படகுகள் வந்தன. ஏன் இவ்வாறு நேர்ந்தது? கொடுத்தோரிடத்து அன்பு குறைவாகவா இருந்தது? இல்லை. அன்பு நிறைய இருந்தது, கரையிலிருந்த மனிதனை அழைத்து, “ஐயா, உமக்கு என்ன வேண்டும்?” என்று கேட்க நேரம் இல்லாமற் போயிற்று.

இவ்விரண்டையும் அனுபவித்தவர் நாம். ஆகவே கொடுக்கும் முறை நமக்கு நன்கு தெரிந்திருக்கவேண்டும். அவ்வூரவரைக் கேட்டுக் கொடுத்தல், அவ்வூரவர் கையாலே செய்வித்தல், அவ்வூரவரிடமே விட்டுவருதல் என்னும் மூன்றையும் நாம் மனத்திற் பதித்துக்கொள்ளவேண்டும்.

கும்புப் பிரதேசத்திலே

நமது யாத்திரிகர் போகவிருக்கும் நேபாளத்திலேயே இம்மூன்றுக்கும் ஒரு சிறந்த உதாரணம் இருக்கின்றது.

1953ஆம் ஆண்டு மே மாதம் 29ஆந் திகதி நியூசிலாந்து தேசத்தவராகிய எட்மண்ட் ஹில்லரியும், ஷெர்ப்பா இனத்தவராகிய டென்சிங் நோர்கேயும் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறினர். ஹில்லரி தேனீ வளர்த்து வாழ்ந்தவர். டென்சிங் பாடசாலைப் படிப்பு இல்லாதவர். ஏனெனில் அவர் வளர்ந்த கும்புப் பிரதேசத்திலே அக்காலத்தில் அத்தகைய பாடசாலை கிடையாது. மலை ஏறியதோடு ஹில்லரி புகழ் பெற்றார். அப்புகழை வைத்துக்கொண்டு அவர் ஆக்லாந்து நகரிலே சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவரோ திரும்பத் திரும்ப அம்மலைக்குச் சென்றார்.

மலையேறும் வேலையிலே தமக்குத் தோள்கொடுத்த ஷெர்ப்பா மக்களுக்கு என்ன செய்யலாம் என்று அவர் சிந்தித்தார். தாமாக ஒன்றைத் தீர்மானிக்காமல், அவர்களையே கேட்டார். அவர்கள் பொன்னும் பொருளும் கேட்கவில்லை. தங்கள் பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும் என்றார்கள். அதன்படி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,790 மீற்றர் உயரத்திலுள்ள கும்ஜுங் கிராமத்திலே 1961ஆம் ஆண்டு பாடசாலை திறக்கப்பட்டது. நமது பிதுருதலாகாலை மலையின் உச்சி 2,524 மீற்றர். அதற்கும் மேலே இன்னும் 1,200 மீற்றருக்கு மேல் ஏறினால் அப்பாடசாலையின் வாசல்!

ஒரு கிராமத்திற் பாடசாலை வந்ததைக் கண்ட மற்றக் கிராமத்தார் தமக்கும் வேண்டுமென்று விண்ணப்பஞ் செய்தனர். பங்போச்சே, தாமே ஆகிய ஊர்களிலே 1963ஆம் ஆண்டு பாடசாலைகள் எழுந்தன. ஊரவர் கல் சுமந்தனர், மரம் அறுத்தனர், சுவர் எழுப்பினர். ஹில்லரி அமைத்த இமாலய தருமநிதியின் உதவியாற் காலப்போக்கில் இருபதுக்கு மேற்பட்ட பாடசாலைகள் அப்பகுதியில் உண்டாயின.

அடுத்தபடியாக நோய். மலைநாட்டு மண்ணிலே அயடீன் என்னும் சத்து மிகக் குறைவு. அக்குறையினால் அங்கே தொண்டைக் கழலை மலிந்திருந்தது. கர்ப்பவதிகளுக்கு அச்சத்துக் கிடையாமையினாற் செவிடாயும் ஊமையாயும் அறிவு வளர்ச்சி குன்றியும் பிள்ளைகள் பிறந்தன. 1966ஆம் ஆண்டு குண்டே என்னும் கிராமத்திலே வைத்தியசாலை நிறுவப்பட்டது. அயடீன் கலந்த எண்ணெயை ஊசிமூலம் ஏற்றும் வேலையும் அவ்வாண்டிலே தொடங்கிற்று. பின்னர் அக்குறையோடு பிறக்கும் பிள்ளைகள் அருகினர். ஓர் ஊசியினால் ஒரு தலைமுறையின் அறிவே காக்கப்பட்டது என்றால் மிகையாகாது.

அவ்வைத்தியசாலையில் முதலிற் பணிபுரிந்தோர் வெளிநாட்டு வைத்தியர்கள். ஆனால் 2002ஆம் ஆண்டிலே அதன் பொறுப்பை ஏற்றவர் ஒரு ஷெர்ப்பா வைத்தியர். அவர் கும்ஜுங் பாடசாலையிற் படித்தவர். குண்டே வைத்தியசாலையிலேயே பல ஆண்டுகள் உதவியாளராக வேலை செய்தவர். பின்னர் பிஜித் தீவிலே வைத்தியக் கல்வி கற்றுத் தம்மூருக்கு மீண்டவர். பாடசாலை வைத்தியரைத் தந்தது. வைத்தியர் வைத்தியசாலையைப் பொறுப்பேற்றார். மானிப்பாயிலே கிறீன் செய்தது எதுவோ, அதுவே இமயத்திலும் நடந்திருக்கின்றது.

ஹில்லரி செய்தவை யாவும் குறைவற்றவை என்று நாம் சொல்ல வரவில்லை. கட்டிடப் பொருள்களை ஏற்றி இறக்குவதற்காக 1964ஆம் ஆண்டு லுக்லா என்னும் ஊரிலே ஊரவரிடம் நிலம் வாங்கி விமானத்தளம் ஒன்று அமைத்தார். மண்ணை இறுக்குவதற்கு யந்திரம் இல்லாமையினால், ஷெர்ப்பாக்கள் கைகோத்து நின்று கால்களால் மிதித்து ஆடி நிலத்தைச் சமப்படுத்தினர் என்பர். பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் உதவிய அத்தளமே, பின்னர் உல்லாசப் பிரயாணிகள் ஆயிரமாயிரமாக வந்திறங்கும் வாசலாயிற்று. அவர்களுக்குச் சமைக்கவும் குளிர் காயவும் காடு வெட்டப்பட்டது, குப்பை மலிந்தது. இதைக் கண்டு ஹில்லரி கவலைப்பட்டார். 1976ஆம் ஆண்டு அப்பகுதி சகர்மாதா தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது, மரக்கன்றுகளும் நடப்பட்டன. நல்ல கொடைக்கும் நாம் எதிர்பாராத விளைவு உண்டு, கொடுத்தபின் திரும்பிப் பார்த்தலும் கொடையின் ஒரு பகுதியே என்பதை லுக்லா நமக்குக் கற்பிக்கின்றது.

மற்றொன்றுஞ் சொல்லவேண்டும். 1975ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31ஆந் திகதி, பப்லு என்னும் இடத்திலே ஒரு வைத்தியசாலையைக் கட்டிக்கொண்டிருந்த ஹில்லரியிடம் செல்வதற்காகக் காத்மண்டுவில் விமானம் ஏறிய அவருடைய மனைவியாரும் இளைய மகளும், அவ்விமானம் விழுந்து மாண்டனர். அந்த நாட்டையே வெறுத்துப் போயிருந்தாலும் அவரைக் குறைகூற எவருக்கு மனம் வரும்? அவரோ அந்த வைத்தியசாலையைக் கட்டி முடித்தார். 2008ஆம் ஆண்டு தை மாதம் 11ஆந் திகதி காலமாகும் வரையிலும் அம்மக்களை அவர் மறக்கவில்லை. அவருடைய மதம் வேறு, ஷெர்ப்பாக்களின் மதம் வேறு. அம்மக்களின் மதத்தை மாற்ற அவர் முயலவில்லை. கிறீனிடத்திலே நாம் ஏற்றுக்கொள்ளாது விட்ட ஒன்று இவரிடத்தில் இல்லை.

அன்பின் பெயரால் விளையும் தீங்கு

இனி, நமது யாத்திரிகரின் யோசனைக்கு வருவோம். காத்மண்டுவிலே அநாதை இல்லங்கள் பல உண்டு. அவற்றுள்ளே உண்மையாகத் தொண்டு செய்வனவும் உண்டு. ஆயினும் நேபாளத்துச் சிறுவர் இல்லங்களிலே உள்ள பிள்ளைகளிற் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடிருக்கின்றனர் என்பதை அங்கு பணிபுரிவோர் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டியிருக்கின்றனர். பெற்றோர் இருக்கும் பிள்ளை அநாதையானது எப்படி?

1996 முதல் 2006 வரை அந்நாட்டிலே உள்நாட்டுப் போர் நடந்தது. ஹும்லா போன்ற எட்டாத மலைமாவட்டங்களிலே பெற்றோர் தம் பிள்ளைகளைப் போருக்குக் கொண்டுபோய்விடுவார்களோ என்று அஞ்சினர். அவ்வேளையிற் சில தரகர் வந்து, “உங்கள் பிள்ளையைப் பட்டணத்திலே நல்ல பாடசாலையிற் சேர்க்கின்றோம்” என்று சொல்லிப் பெருந்தொகைப் பணத்தையும் பெற்றுக்கொண்டு பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். பட்டணத்திலே அப்பிள்ளைகள் அநாதைகள் என்று பதியப்பட்டனர். வெளிநாட்டார் இரங்கிக் காசு கொடுக்கக் கொடுக்க, இல்லங்கள் பெருகின. ஏழ்மை மிகுந்த மாவட்டங்களில் அவை பெருகவில்லை. பிரயாணிகள் வந்து போகும் மாவட்டங்களிலேயே மிகுதியாகப் பெருகின என்பதைச் சபையோர் கவனிக்கவேண்டும்.

2015ஆம் ஆண்டு சித்திரை மாதம் 25ஆந் திகதி பெரும் பூகம்பம் ஏற்பட்டு ஒன்பதினாயிரம் பேரளவில் மாண்டபோது, இந்த ஆபத்து மீண்டும் தலைதூக்கலாம் என்று அரசாங்கம் அஞ்சியது. தக்க அனுமதியின்றிப் பிள்ளைகளை மாவட்டத்துக்கு வெளியே கொண்டுசெல்லல் ஆகாது என்று கட்டளையிட்டது.

கம்போடியா நாட்டிலும் இதே கதையைக் காண்கின்றோம். அங்கோர் கோயில்களைப் பார்க்க வருவோர் தொகை கூடக்கூட, அநாதை இல்லங்களின் தொகையுங் கூடிற்று. சிறுவர்கள் வேடிக்கைப் பொருள்கள் அல்லர் என்று பிரயாணிகளுக்கு உணர்த்தும் பிரசாரம் ஒன்று 2011ஆம் ஆண்டு அங்கே தொடங்கப்பட்டது.

நண்பர்களே, ஒரு நாள் வந்து மடியிலே தூக்கி வைத்து, பாட்டுப் பாடி, படம் எடுத்துவிட்டு மறுநாட் போய்விடும் மனிதர்களைப் பிள்ளைகள் என்னவென்று நினைக்கும்? இன்று ஒருவர் மாமா, நாளை வேறொருவர் மாமா, எவரும் நிலைப்பதில்லை. நம் வீட்டுப் பிள்ளையை முன்பின் தெரியாதவர் வந்து இவ்வாறு தூக்கிப் படம் எடுப்பதற்கு நம் தாய்மார் சம்மதிப்பார்களா? நம் பிள்ளைக்கு ஆகாதது பிறர் பிள்ளைக்கு எப்படி ஆகும்?

இரண்டு ஆட்சேபங்கள்

இதைக் கேட்கும் பெரியோர் சிலர், “தருமஞ் செய்யும்போது இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? கொடுத்தால் நமக்குப் புண்ணியம். வாங்கினவன் அதை என்ன செய்தால் என்ன?” என்று கேட்கலாம். பணிவோடு மறுமொழி சொல்லுகின்றோம். பாத்திரம் அறிந்து பிச்சையிடவேண்டும் என்று எமக்குச் சொல்லித்தந்தவர்களே நீங்கள்தாம். நாம் கொடுக்கும் காசு ஒரு குழந்தையைத் தாயினின்றும் பிரிப்பதற்குக் கூலியாகுமானால், அதனை எந்தப் புண்ணியக் கணக்கில் எழுதுவது?

வாலிப நண்பர்களோ வேறு விதமாகக் கேட்கலாம். “ஹில்லரிக்குப் புகழ் இருந்தது, பணம் சேர்ந்தது. கிறீன் தமது வாழ்நாளிற் பல ஆண்டுகளைக் கொடுத்தார். நாமோ மாணாக்கர்; பத்துப் பதினைந்து நாள் மாத்திரம் தங்குவோம்; கையிலே சொற்பக் காசு. நம்மால் என்ன ஆகும்?” இது நியாயமான கேள்வி. பாடசாலை கட்டும்படி உங்களை எவரும் கேட்கவில்லை. சில நாள் மாத்திரம் தங்குவோர் செய்யத்தக்க சில காரியங்கள் உண்டு. அவை சிறியன போலத் தோன்றும். ஆனால் அவை கேடு செய்யா.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, நம் சுமையைச் சுமப்பவரைப் பார்ப்போம். இமயத்திலே பிரயாணிகளின் சுமையைத் தூக்குவோர் எல்லோரும் ஷெர்ப்பாக்கள் அல்லர். ராய், தமாங், மகர் முதலிய இனத்தவர் பலர் தாழ்ந்த மலைச்சாரல்களிலிருந்து கூலிக்கு வருகின்றனர். மலைநாட்டார்தானே, குளிர் அவர்களை என்ன செய்யும் என்று எண்ணுவது அறியாமை. உயரத்தால் வரும் நோய் நம்மைப் பிடிப்பது போலவே அவர்களையும் பிடிக்கும். நேபாளத்தில் ஒருவர் முப்பது கிலோவுக்கு மேற் சுமத்தல் ஆகாது என்று சுமையாட்களின் நலம் பேணும் சர்வதேசக் குழு ஒன்று வற்புறுத்துகின்றது. அந்த அளவைக் கடவாது சுமையைப் பகிர்ந்துவிடுவோம். பேசிய கூலியைக் குறையாமற் கொடுப்போம். நோயுற்றால் அவரைத் தனியே திருப்பி அனுப்பாது துணையோடு அனுப்புவோம். உடுப்புக் கொடுக்க ஆசையா? சுமையாட்களுக்குக் குளிர்ச்சட்டையும் சப்பாத்தும் இரவல் கொடுக்கும் உடுப்பு வங்கி ஒன்றைக் காத்மண்டு சுற்றாடற் கல்வித் திட்டம் என்னும் நிறுவனம் நடத்தி வருகின்றது. அவர்களுக்கு எழுதி, எது குறைவாக இருக்கின்றது என்று கேட்டு, அதையே கொண்டுசெல்வோம்.

இரண்டாவது, நம் செலவு ஊரவர் கையிற் சேரட்டும். ஊர்க் குடும்பம் நடத்தும் விடுதியிலே தங்கி, அவர்கள் சமைக்கும் பருப்பும் சோறும் உண்டால், அக்காசு அவ்வீட்டுப் பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு ஆகும். பெற்றோர் உழைப்பினாலே பிள்ளையைத் தம்மோடு வைத்து வளர்க்க வழிசெய்வது, எந்த இல்லத்துக்குங் கொடுக்கும் நன்கொடையினும் மேலானது.

மூன்றாவது, குப்பை. கும்புப் பிரதேசத்திலே ஒரு நல்ல ஏற்பாடு நடக்கின்றது. சேகரித்துப் பொடியாக்கிய குப்பையை ஒவ்வொரு கிலோவாகப் பைகளிற் கட்டி வைக்கின்றனர். இறங்கிச் செல்லும் பிரயாணி ஒரு பையை லுக்லா வரைக்கும் சுமந்து சென்று கொடுக்கலாம். அங்கிருந்து அது விமானமூலம் காத்மண்டுவுக்குப் போகும். கும்பு செல்லும் நம் வாலிபர் ஒவ்வொருவரும் ஒரு பை சுமந்து வருவார்களாக. காவடி எடுத்துப் பழகிய தோளுக்கு ஒரு கிலோ பெரிதா?

நான்காவது, வழியிலே கைநீட்டும் பிள்ளைகளுக்கு இனிப்பும் பேனையும் காசும் எறிந்து செல்லாதிருப்போம். வழிப்போக்கரிடம் கேட்டுப் பழகிய பிள்ளை பாடசாலைக்குப் போகாது வழியிலேயே நிற்கும். கொப்பி கொடுக்க விரும்பினால், ஊர்ப் பாடசாலைத் தலைமையாசிரியரிடம் போய், என்ன வேண்டும் என்று கேட்டு, அவர் கையிலே கொடுப்போம். பிள்ளை தன் ஆசிரியர் கையால் வாங்கட்டும்.

ஐந்தாவது, போகுமுன் நேபாளி மொழியிலே சில சொற்களையாவது கற்றுக்கொள்வோம். “நமஸ்தே” நமக்குத் தெரியும். நன்றிக்கு “தன்யவாத்” என்பர். அதுவும் நமக்கு அந்நியமன்று. கிறீன் தமிழ் கற்றார். நாம் பத்துச் சொல்லாவது கற்கக்கூடாதா? வாய்திறந்து கேட்கத் தெரியாதவன் கேட்டுக் கொடுப்பது எவ்வாறு?

கடைசியாக, திரும்பி வந்தபின் மறவாதிருப்போம். ஒரு பாடசாலையை அறிந்து வந்தால், அடுத்த ஆண்டும் அவர்களுக்கு எழுதுவோம். சிறு தொகையாயினும் ஆண்டுதோறும் அனுப்புவோம். அத்தொகை எவ்வாறு பயன்பட்டது என்று அன்போடு விசாரிப்போம். ஒரு நாட் பெருமழையிலும் பருவந் தவறாத சிறுமழையே பயிருக்கு நல்லது.

முடிவுரை

சபையோரே, நாம் வேண்டுவது இதுதான். யாத்திரை நடக்கட்டும். பசுபதிநாதர் சந்நிதியிலே நம் சங்கத்தின் பெயராலும் ஓர் அருச்சனை நடக்கட்டும். உடுப்புக்கும் இனிப்புக்குமென்று சேர்த்த பணத்தை அநாதை இல்லத்துக்குக் கொண்டுசெல்லாது, அங்குள்ள ஓர் ஊர்ப் பாடசாலைக்கோ சுமையாட்களின் உடுப்பு வங்கிக்கோ, முன்கூட்டி எழுதிக் கேட்டு, அவர்கள் வேண்டும் முறையிலே செலவிடும்படி நிர்வாக சபை தீர்மானிக்கவேண்டும். பிள்ளைகளோடு படம் எடுப்பதை விட்டுவிடவேண்டும். விழா மலரிலே அச்சிட ஒரு படம் குறையும். அதனால் எவருக்கும் நட்டமில்லை.

நேபாளம் ஏழை நாடு என்று சொல்லுகின்றோம். ஆனால் அம்மலையிலே மூச்சிரைத்து நிற்கும்போது நமக்குக் கை கொடுக்கப்போகின்றவர் அந்நாட்டு ஏழைதான். வெந்நீர் வைத்துத் தருபவளும் அந்நாட்டுத் தாய்தான். ஆகவே நாம் கொடையாளராகப் போகவில்லை, கடனாளியாகப் போகின்றோம். கடனாளி பட்ட கடனை எவ்வாறு திருப்பிக் கொடுப்பான்? கொடுத்தவரின் மனமறிந்து, மரியாதையோடு, சத்தமில்லாமற் கொடுப்பான். நம் வாலிபரும் அவ்வாறே செய்து மீள எல்லாம்வல்ல இறைவன் அருள்புரிவானாக.